ஒரு ஏ3 மட்டையில் மடிப்புக் கோப்பும் தபாலட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் பனையோலை வேலை செய்பவர்கள், தச்சர், தையல்காரர், சித்திரம் படிக்கும் பிள்ளைகள் என்று பலர், தங்கள் வேலையை வெளியாருக்குக் காட்டுவதற்கு ஒரு கோப்புச் செய்ய வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அவர்களோடு இருந்து வெட்டி, ஒட்டி, பிழைவிட்டு, திருத்திக் கடைசியில் வந்து நின்ற வடிவத்தைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரே ஒரு ஏ3 மட்டை. மடித்தால் பையோடு கூடிய கோப்பு. அதன் ஓரத்தில், வாங்குபவர் கிழித்துத் தபாலில் போடக்கூடிய ஓர் அட்டை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எல்லாரிடமும் தொலைபேசி இருக்கிறதே, பிறகு ஏன் தபாலட்டை?

தொலைபேசி எண்ணையும் கோப்பில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்காட்சி ஒன்றில் ஒருவர் இருபது மேசைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். இருபது எண்களை வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டுக்குப் போனதும் எந்த எண் யாருடையது என்று அவருக்கே குழப்பம். அட்டை அப்படியில்லை. உங்கள் பொருளின் படம், உங்கள் விலாசம், அவர் புள்ளடி போட வேண்டிய கட்டங்கள் எல்லாம் ஒரே துண்டில் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளூரில் கடகமும் சுளகும் இழைக்கும் அம்மாக்கள் பலருக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவும் மாட்டார்கள். தபாற்காரர் சைக்கிளில் கொண்டுவந்து கையில் கொடுக்கும் அட்டையை அவர்கள் நம்புகிறார்கள். போரால் ஏ9 கண்டி–யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் ஒரு கடிதத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. கையெழுத்தோடு வரும் ஒரு துண்டுக்கு இந்த மண்ணில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

அதனால்தான் எப்போதும் ஒன்றைச் சொல்லுவேன்: கோப்பை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் அட்டையைச் செருகாதீர்கள். முதலில் அட்டையின் அளவை முடிவு செய்யுங்கள். கோப்பு அதற்குப் பிறகு.

அட்டை என்ன அளவில் இருக்க வேண்டும்?

உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி தபாலட்டை 90 × 140 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 120 × 235 மில்லிமீற்றருக்கு மேலே போகவும் கூடாது. ஏ6 அளவு 105 × 148. இதற்குள் நன்றாக அடங்குகிறது. நம்முடைய வடிவத்தில் ஒட்டிய அட்டை 100 × 148 ஆக வரும். அந்த 5 மில்லிமீற்றர் ஏன் குறைகிறது என்று கீழே சொல்கிறேன், அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

ஒரே ஏ3 மட்டையில் எல்லாம் எப்படி அடங்கும்?

ஏ3 என்பது 420 × 297 மில்லிமீற்றர். மட்டையைப் படுக்கையாக வையுங்கள், உள்பக்கம் மேலே. இடது ஓரத்திலிருந்து 157.5 மில்லிமீற்றரில் மேலிருந்து கீழே ஒரு மடிப்புக் கோடு. 315 இல் இன்னொரு கோடு. முதல் இரண்டு பகுதிகளும்தான் கோப்பு. 315 க்கு வலப்பக்கம் மிஞ்சும் 105 மில்லிமீற்றர் அகலத் துண்டு அட்டைக்கு உரியது.

அந்த வலதுத் துண்டை மேலிருந்து 148 மில்லிமீற்றரில் குறுக்கே வெட்டுங்கள். கீழே உள்ள பாதியை 315 கோட்டோடு முழுதாக வெட்டி எடுத்துவிடுங்கள். அது 105 × 149, கிட்டத்தட்ட ஏ6. அதை எறிய வேண்டாம், அதுவே இரண்டாவது அட்டை. மேலே உள்ள பாதி கோப்போடு ஒட்டியபடியே இருக்கட்டும்.

இனிப் பை. கோப்புப் பகுதியின் மேல் ஓரத்திலிருந்து 215 இல் குறுக்காக ஒரு மடிப்பு. கீழே 82 மில்லிமீற்றர் மிஞ்சும். அதை மேல்நோக்கி மடித்து, இரண்டு வெளி ஓரங்களிலும் 5 மில்லிமீற்றர் அகலத்துக்குப் பசை பூசி ஒட்டினால் பை தயார். வலது ஓரத்தில் பையின் வாயிலிருந்து 20 மில்லிமீற்றருக்குப் பசை பூசாமல் விடுங்கள். ஒட்டிய அட்டையை உள்ளே மடிக்கும்போது அதன் கீழ் ஓரம் 15 மில்லிமீற்றர் அளவு பைக்குள் இறங்கி நிற்கும். அப்போது அட்டை தானாகத் திறந்து ஆடாது.

நடுமடிப்பில் பைத் துண்டு இரட்டை மட்டையாகி உப்பும். அந்த இடத்தில் பைத் துண்டில் மட்டும், வாய்ப்பக்கத்திலிருந்து, ஒரு சின்ன ஆப்பு வடிவ வெட்டுப் போட்டால் கோப்பு தட்டையாக மூடும்.

மூடிய அளவு 157.5 × 215. ஏ5 தாள்கள் (148 × 210) பைக்குள் சரியாக நிற்கும். முழுக் கோப்பும் சி5 கடித உறைக்குள் (162 × 229) போகும். எறிய ஒரு துண்டுகூட மிஞ்சாது. எனக்கு இந்த வடிவத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

எந்த மட்டை வாங்குவது?

சதுர மீற்றருக்கு 200 முதல் 250 கிராம் வரையிலான பிறிஸ்டல் போட் என்னும் தடித்த மட்டை போதும். பாடசாலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் பெரிய தாளாகக் கிடைக்கும். இரண்டு விசயங்களைக் கடையிலேயே பாருங்கள். முதலாவது, ஒரு துண்டில் பேனையால் எழுதி உடனே விரலால் தேய்த்துப் பாருங்கள். மினுமினுப்பான மட்டையில் மை இழுபடும், அப்படியானது அட்டைக்கு உதவாது. இரண்டாவது, மட்டையை நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இலகுவாக வளையும், மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். இலகுவாக வளையும் திசையில் நடுமடிப்பு வருமாறு வெட்டினால் மடிப்பு வெடிக்காது.

கிழிக்கும் துளைக்கோட்டை எதனால் போடுவது? அச்சகத்துக்குத்தான் போக வேண்டுமா?

போகத் தேவையில்லை. வீட்டில் உள்ள தையல் மெசின் போதும். மேல்நூலையும் அடிநூலையும் கழற்றிவிட்டு, இனி உதவாது என்று ஒதுக்கிய ஒரு தடித்த ஊசியை மாட்டுங்கள். மட்டை ஊசியை மழுக்கிவிடும், நல்ல ஊசியைப் போடாதீர்கள். தையல் நீளத்தை ஏறத்தாழ 3 மில்லிமீற்றரில் வைத்து, காலால் மெதுவாக மிதித்து ஓட்டுங்கள். துளைகள் மிக நெருக்கமாக இருந்தால் அட்டை தொட்டவுடன் கழன்றுவிடும், மிகத் தூரமாக இருந்தால் கிழிக்கும்போது மூலை பிய்ந்து வரும். முதலில் கழிவுத் துண்டில் ஓட்டிக் கிழித்துப் பாருங்கள். தையற்கடைகளில் துணியில் கோடு போடப் பாவிக்கும் பற்சக்கரமும் உதவும். மட்டைக்குக் கீழே பழைய சாக்கு அல்லது தடித்த துணி விரித்து, அடிமட்டம் பிடித்து இரண்டு தடவை அழுத்தி ஓட்ட வேண்டும்.

சரி, இப்போது அந்த 5 மில்லிமீற்றர் கதை. நாங்கள் முதன்முதலில் செய்த தொகுதியில் துளைக்கோட்டை மடிப்புக் கோட்டின் மேலேயே போட்டோம். பார்க்க அழகாக, ஒரே கோடாக இருந்தது. பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் வவுனியாவுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் அட்டைகள் ஒருபக்கம், கோப்புகள் ஒருபக்கம். மடித்து மடித்துத் திறந்ததில் துளைகள் முன்பே களைத்துப் போய்விட்டன. மேசைக்குப் பின்னால் இருந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் சொருகிக்கொடுத்துச் சமாளித்தோம்.

அதற்குப் பிறகு மடிப்பும் துளையும் ஒரே கோட்டில் வருவதில்லை. மடிப்பு 315 இல், துளைக்கோடு 320 இல். இடையில் உள்ள 5 மில்லிமீற்றர் பட்டி கோப்போடு தங்கிவிடும், இழுப்பெல்லாம் அந்தப் பட்டிக்குப் போகும். அட்டை 100 × 148 ஆகச் சுருங்கினாலும் விதியில் உள்ள குறைந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது.

மடிப்பு நேராக வர ஒரு வழி?

மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையையும் இரும்பு அடிமட்டத்தையும் எடுத்து, மடிக்கும் முன் கோட்டை இரண்டு தடவை அழுத்திக் கீறுங்கள். பிளேட்டால் கீறாதீர்கள். அன்றைக்கு நன்றாக மடியும், சில நாளில் அந்த இடத்தாலேயே அறும்.

எந்தப் பக்கத்தில் எது வரும்? அச்சடித்தால் தலைகீழாக வந்துவிடுகிறது.

எல்லாரும் விடும் பிழை இது, நானும் விட்டிருக்கிறேன். கணினிக்கு முன்னால் இருந்து யோசித்தால் தலை சுற்றும். ஒரு வெறும் ஏ3 தாளை எடுத்து, மேலே சொன்னபடி வெட்டி மடித்து, பென்சிலால் ஒவ்வொரு முகத்திலும் எழுதுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, பையின் முகம், கேள்விப் பக்கம், விலாசப் பக்கம். பிறகு விரித்துப் பாருங்கள். மூன்று விசயங்கள் உடனே தெரியும்.

வெளிப்பக்கத்தைப் பார்க்கும்போது அட்டை இடப்பக்கத்துக்கு மாறிவிடும். வரிசை இடமிருந்து வலம் அட்டை, பின்னட்டை, முன்னட்டை. பையின் முகத்தில் வரும் எழுத்து வெளிப்பக்கத் தாளில் தலைகீழாக இருக்க வேண்டும், மடித்த பிறகுதான் நிமிரும். கோப்பைத் திறந்ததும் கண்ணில் படும் அட்டையின் முகம் வெளிப்பக்கத்தைச் சேர்ந்தது. ஆகவே கேள்விகளை வெளிப்பக்கத்திலும் விலாசத்தை உட்பக்கத்திலும் அச்சடியுங்கள். திறந்தவர் முதலில் கேள்வியைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பென்சில் மாதிரியைக் கசக்கி எறியாதீர்கள். போட்டோக்கொப்பி, அச்சு எடுக்கும் கொமினிகேசன் கடைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். வாயால் பத்து நிமிடம் விளக்குவதை அது ஒரு நொடியில் காட்டிவிடும்.

அட்டையில் என்ன எழுதுவது?

கேள்விப் பக்கத்தில் மேலே உங்கள் பொருளின் சின்னப் படமோ கோட்டுச் சித்திரமோ. கீழே மூன்று கட்டங்கள் போதும். விலைப்பட்டியல் அனுப்புங்கள், மாதிரி ஒன்று வேண்டும், நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன். பிறகு பெயர், விலாசம், தொலைபேசி எழுத மூன்று கோடுகள். கோடுகளுக்கு இடையே 8 மில்லிமீற்றராவது விடுங்கள், நெருக்கமாக விட்டால் பெரியவர்களுக்கு எழுத இடம் போதாது. வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எதையும் கேட்காதீர்கள். தபாலட்டை திறந்த கடிதம், வழியில் எல்லாருக்கும் தெரியும்.

விலாசப் பக்கத்தில் அட்டையைப் படுக்கையாக எடுத்து, வலது பாதியை விலாசத்துக்கு மட்டும் விடுங்கள். மேல் வலது மூலையில் முத்திரைக்குக் கட்டம். உங்கள் பெயர், வீதி, ஊர், ஐந்து இலக்கத் தபாற் குறியீடு. வவுனியாவுக்கு 43000, யாழ்ப்பாணத்துக்கு 40000, உங்கள் ஊருக்குரியதை உப தபாலகத்தில் கேட்டு எழுதுங்கள். தமிழோடு ஆங்கிலத்திலும் விலாசம் இருக்கட்டும். கொழும்பிலோ காலியிலோ அதைப் பிரித்து அடுக்குபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம்.

ஒரு மூலையில் யாருக்கும் உறுத்தாமல் ஓர் எழுத்துப் போடுங்கள். வவுனியாக் கண்காட்சியில் கொடுத்தவற்றுக்கு 'வ', கொழும்புக்கு அனுப்பியவற்றுக்கு 'கொ'. அட்டை திரும்பி வரும்போது எந்த இடம் பலன் தந்தது என்று அந்த எழுத்தே சொல்லும்.

முத்திரையை நானே ஒட்டிக் கொடுக்க வேண்டுமா?

எல்லா அட்டைக்கும் வேண்டாம். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். நூறு அட்டைக்கு முத்திரை ஒட்டினால் கோப்பின் செலவையே அது விழுங்கிவிடும். நின்று பேசி, பொருளைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டவருக்கு, அவர் கண்முன்னாலேயே முத்திரையை ஒட்டிக் கொடுங்கள். அது ஒரு மரியாதை, அவர் அனுப்பாமல் விடுவது குறைவு. மற்றவர்களுக்கு வெறும் கட்டம் போதும். அட்டைக்கான அன்றைய கட்டணத்தைத் தபாலகத்தில் கேட்டு ஒட்டுங்கள்.

வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பினால்?

நமது முத்திரை அங்கே செல்லாது. கனடாவில் தபாலில் போட்டால் கனடிய முத்திரை, லண்டனில் போட்டால் பிரித்தானிய முத்திரை. அதனால் வெளிநாட்டுக்குப் போகும் அட்டையில் கட்டத்தை வெறுமையாக விட்டு, விலாசத்தின் கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மலிவாக அச்சடிக்க எது நல்லது?

முப்பது பிரதிக்குள் என்றால் போட்டோக்கொப்பி அல்லது லேசர். மட்டையை மெசினின் பக்கத்தட்டால் ஒவ்வொன்றாக விடச் சொல்லுங்கள். விளிம்புவரை மை வராது என்பதால் எல்லாப் பக்கமும் 5 மில்லிமீற்றர் இடம் விடுங்கள். மடிப்புக் கோட்டின் மேல் கடும் கறுப்பு வரக்கூடாது, மடித்த இடத்தில் தூள் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். மைப்பீச்சு (இங்க்ஜெட்) அச்சு வேண்டாம், மாரியில் ஒரு துளி பட்டாலே கரைந்துவிடும்.

நூறு, இருநூறு என்றால் திரை அச்சு ஒரு நிறத்தில் போடலாம், மட்டையில் அது அழகாக நிற்கும். இன்னும் மலிவான வழி ஒன்றும் இருக்கிறது: விலாசத்துக்கு ஒரு றப்பர் சீல், கேள்விகளுக்கு ஒரு றப்பர் சீல். ஒரு தடவை செய்தால் வருசக்கணக்கில் பாவிக்கலாம். அச்சில் மிச்சம் பிடித்த காசைப் படத்துக்குச் செலவழியுங்கள். வாங்குபவர் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

பைக்குள் என்ன வைப்பது?

படம் ஐந்தோ ஆறோ. 4 × 6 அங்குலப் படத்தை நெடுக்காக வைத்தால் பைக்குள் சுகமாக நிற்கும். விலைப்பட்டியலைக் கோப்பில் அச்சடிக்காமல் தனி ஏ5 தாளில், திகதியோடு போடுங்கள். ஓலை விலையும் பலகை விலையும் மாறும்போது அந்த ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும். ஓலை வேலை என்றால் இரண்டு விரல் அகலத்துக்கு இழைத்த ஒரு துண்டு, தையல் என்றால் தைத்த ஒரு மூலை. தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்கட்டும்.

படம் எடுப்பது பற்றி ஒன்று. பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியை வெள்ளைத் துணியில் வைத்து வடிவாகப் படம் எடுத்துக்கொண்டு போய் ஓர் அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில பெட்டிதான் தெரியுது, இழைச்ச கை தெரியேல்ல" என்றார். அன்றிலிருந்து ஒரு படமாவது கை வேலை செய்யும் படமாக இருக்கிறது. அட்டையில் போடுவதும் பெரும்பாலும் அந்தப் படம்தான்.

என் பழைய வேலைகளின் படம் ஒன்றும் இல்லை. எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டது. வெறும் கோப்பையா காட்டுவது?

இந்தக் கேள்வியை வேறு ஊரில் இவ்வளவு தரம் கேட்டிருக்கமாட்டார்கள். 2009 இல் போர் முடிந்தபோது அல்பமும் சான்றிதழும் கையில் இல்லாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். முப்பது வருடம் கதவும் யன்னலும் செய்த தச்சரிடம் ஒரு படம்கூட இருக்காது.

முதலில், உங்கள் வேலை இன்னும் நிற்கும் இடங்களுக்குப் போங்கள். நீங்கள் செய்த கதவு யாருடைய வீட்டிலாவது இருக்கும், நீங்கள் இழைத்த கடகம் ஒரு குசினியில் கறுத்துப்போய்த் தொங்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு அங்கேயே படம் எடுங்கள். இத்தனை வருடம் பாவித்தும் உடையாத பொருளின் படம், புதுப்பொருளின் படத்தைவிடப் பலமான சாட்சி. அப்புறம், வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் கேளுங்கள். கலியாண வீட்டுப் படமொன்றின் பின்னால் உங்கள் அலுமாரி நிற்கக்கூடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் சின்ன அளவில் மூன்று பொருட்களைப் புதிதாகச் செய்து படம் எடுங்கள். எத்தனை வருடமாக, யாரிடம் பழகினீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதிக் கோப்பின் உள்பக்கத்தில் போடுங்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக அந்த நான்கு வரியை எழுத வெட்கப்படத் தேவையில்லை.

எந்தப் பசை?

பைண்டர் கம் என்னும் வெள்ளைப் பசை போதும், மெல்லியதாகப் பூசி மேலே கனமான கொப்பி வைத்து ஓர் இரவு விடுங்கள். கோதுமை மாப் பசை மலிவுதான், ஆனால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். முன்பு புத்தகம் கட்டுபவர்கள் அதற்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

மாரியில் கோப்புகள் நெளிந்துவிடுகின்றனவே?

ஐப்பசி, கார்த்திகையில் மட்டை ஈரம் குடிக்கும். வெட்டியதும் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, நிலத்திலோ சுவரோடோ வைக்காமல் அலுமாரியின் மேல் தட்டில் பாரம் ஏற்றி வையுங்கள். கோடையில் செம்மண் புழுதிக்கும் அதே பை உதவும்.

தபாலில் அனுப்பினால் எவ்வளவு பாரம்?

250 கிராம் மட்டையில் ஒரு ஏ3 ஏறத்தாழ 31 கிராம், அட்டை இரண்டும் அதற்குள்ளேயே. 80 கிராம் கடதாசியில் நான்கு ஏ5 தாள் 10 கிராம். உறையும் படங்களும் சேரும்போது தபாலகத்தில் நிறுத்துப் பார்த்தே முத்திரை ஒட்டுங்கள். முத்திரை குறைந்தால் மிச்சத்தைப் பெறுபவரிடம் கேட்பார்கள், முதல் சந்திப்பிலேயே அது நல்லதல்ல.

வழி எப்படிக் குறிப்பிடுவது? எங்கள் வீட்டுக்கு இலக்கமே இல்லை.

பின்னட்டையில் ஒரு கோட்டு வரைபடம். ஏ9 இல் மாங்குளம் சந்தி, அங்கிருந்து ஏ34 முல்லைத்தீவுக்குத் திரும்பும் பக்கம், ஒட்டுசுட்டானுக்கு முன்னரா பின்னரா, கோயிலா பாடசாலையா குளக்கட்டா, எந்தக் கிலோமீற்றர் கட்டைக்குப் பக்கம். பஸ்ஸில் வருபவர் கொண்டக்டரிடம் சொல்லி இறங்கக்கூடிய பெயரைப் போடுங்கள்.

அட்டை திரும்பி வந்தால் என்ன செய்வது?

வந்த திகதியை மூலையில் குறித்து, அந்த வாரத்துக்குள்ளேயே பதில் போடுங்கள். செய்து கொடுக்க முடியாத கேள்வி என்றாலும் பதில் போடுங்கள். பதிலோடு புது விலைத்தாளையும், வெட்டும்போது மிஞ்சிய அந்த இரண்டாவது அட்டையையும் வையுங்கள். வந்த அட்டைகளை ஓர் ஓலைக் கொட்டைப்பெட்டியில் சேர்த்து வையுங்கள். அடுத்த தொகுதி செய்யும்போது அவற்றை மேசையில் பரப்பினால், எந்தக் கட்டத்தில் கூடப் புள்ளடி விழுந்திருக்கிறது, எந்தக் கோட்டில் எழுத இடம் போதாமல் போயிருக்கிறது, அட்டையில் எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.